மார்பியஸா, பிளேடா, டிராகுலாவா? வெள்ளிக்கிழமை இரவுக்கு எந்த ரத்தக்காட்டேரிப் படம்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ வெரூலத்திலோ, வார இறுதி இரவில் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்ததும் பிள்ளைகள் பயப்படப் படம் கேட்பார்கள். ரத்தக்காட்டேரிப் படம் என்று தேடினால் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று 2022இல் வந்த மார்பியஸ். மார்வெல் முத்திரை இருக்கிறது. நாயகன் ஜாரெட் லெட்டோ ஆஸ்கர் வாங்கியவர். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூடவே, "படு மோசமான படம்" என்ற பேரும் இருக்கிறது. போடலாமா, வேண்டாமா? போடாவிட்டால் அதற்குப் பதில் எது? வாசகர்கள் மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்.

மார்பியஸ் தோற்ற படம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எந்த இடத்தில் தோற்றது என்று தெரிந்தால்தான் மாற்றாக எதை எடுப்பது என்பது விளங்கும். அதனால் அந்தப் படத்துக்குக் கீழே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கதை முடிவுகளும் பேசப்படுகின்றன. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு, நேரே டேட்டா, டிஸ்க் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் பசியின் விலை. ரத்தக்காட்டேரியே நாயகனாக நிற்கிற கதையில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். அவனுக்கு ரத்தம் வேண்டும். குடித்தால் யாரோ சாவார்கள், குடிக்காவிட்டால் அவனே வீழ்வான். எத்தனை நேரம் தாங்குவான், எதைக் குடித்துத் தாங்குவான், தாங்க முடியாத நாளில் யாரை இழப்பான்? இந்த மூன்று கேள்விக்கும் படம் தெளிவாகப் பதில் சொல்லி, சொன்ன பதிலைக் கடைசிவரை காப்பாற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாவது, எதிரி. நாயகனே பாதி கெட்டவன் என்னும்போது எதிரி அவனைவிட ஆழமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சண்டை கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. யார் யாரை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறார் என்று புரியாத சண்டையை எவ்வளவு பெரிய திரையில் போட்டாலும் பயனில்லை.

பிறகு நடைமுறை விஷயங்கள்: சோபாவில் யார் யார் உட்காரப் போகிறார்கள், முன்பே வேறு படம் பார்த்திருக்க வேண்டுமா, எத்தனை ஜிபி போகும், வாடகை, டிஸ்க்.

## ஒரு பார்வையில்

| | மார்பியஸ் | பிளேட் | பிளேட் 2 | டிராகுலா அன்டோல்ட் |
|---|---|---|---|---|
| ஆண்டு | 2022 | 1998 | 2002 | 2014 |
| இயக்கம் | டேனியல் எஸ்பினோசா | ஸ்டீபன் நாரிங்டன் | கியர்மோ டெல் டோரோ | கேரி ஷோர் |
| நீளம் | 104 நிமிடம் | 120 நிமிடம் | 117 நிமிடம் | 92 நிமிடம் |
| அமெரிக்கச் சான்று | பிஜி-13 | ஆர் | ஆர் | பிஜி-13 |
| பசியின் விலை | சொல்கிறது, வசூலிப்பதில்லை | தெளிவு | நாயகனைவிட எதிரிக்கு அதிகம் | மிகத் தெளிவு |
| எதிரி | நடிகரால் தப்பித்தவர் | நல்ல வலு | நால்வரில் சிறந்தவர் | சாதாரணம் |
| சண்டை | புகை மூட்டம் | தெளிவு, முடிவு மட்டும் பழசு | பிரமாதம், சில இடம் பொம்மை | பரவாயில்லை |
| எச்.டி.யில் டேட்டா | சுமார் 5 ஜிபி | சுமார் 6 ஜிபி | சுமார் 6 ஜிபி | சுமார் 4.5 ஜிபி |
| முன்கதை தேவையா | இல்லை, கடைசித் துணுக்குக்கு மட்டும் ஆம் | இல்லை | முதல் பாகம் பார்த்தால் நல்லது | இல்லை |

டேட்டா கணக்கு, மணிக்கு 3 ஜிபி என்று வைத்துப் போட்டது. சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி அளவில் முடியும். ஆனால் இருட்டுப் படங்களுக்கு அந்தச் சிக்கனத்தில் ஒரு சிக்கல் உண்டு, கீழே வரும்.

## மார்பியஸ்: விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்ட படம்

கதை எளிது. மைக்கேல் மார்பியஸ் பிறவியிலேயே அரிய ரத்தநோய் உள்ளவன். பெரிய மருத்துவ விஞ்ஞானியாகிறான், செயற்கை நீல ரத்தம் கண்டுபிடிக்கிறான். நோய் தீரவேண்டி ரத்தம் உறிஞ்சும் வௌவாலின் மரபணுவைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறான். சட்டம் எட்டாத நடுக்கடலில், சரக்குக் கப்பலில், சோதனை நடக்கிறது. எழுந்திருக்கும்போது மனிதனாக இல்லை. கப்பலில் காவலுக்கு வந்த கூலிப்படை ஒருவர் மிச்சமில்லாமல் செத்துக் கிடக்கிறது.

இங்கேதான் முதல் பிழை, அதுவும் பெரிய பிழை. இந்தப் பாத்திரம் பிறந்தது 1971 அக்டோபர் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் சித்திரக்கதையின் 101ஆம் இதழில். எழுதியவர் ராய் தாமஸ், வரைந்தவர் கில் கேன். அடுத்த இதழில் வரும் பூர்வகதையிலும் கப்பல் உண்டு, சோதனை உண்டு. ஆனால் அங்கே மார்பியஸ் முதலில் கொல்வது தன் உயிர் நண்பன் எமில் நிக்கோஸை. அடுத்து காதலி மார்ட்டினைக் கொன்றுவிடுவோமோ என்று பயந்து கடலில் குதிக்கிறான். அவன் வாழ்நாள் முழுவதும் சுமக்கும் பாவம் அதுதான்.

படத்தில் எமில், வயதான வழிகாட்டி மருத்துவராக ஜாரெட் ஹாரிஸ் உருவில் வருகிறார். அவரைக் கொல்வது எதிரி. நாயகன் கையில் செத்தவர்கள் எல்லாம் துப்பாக்கி ஏந்திய முரடர்கள், பெயர்கூட நினைவில் நிற்காதவர்கள். ஆக, பார்ப்பவர் மனதில் மார்பியஸ்மீது ஒரு கறையும் படிவதில்லை. கறை படியாதவனை எதிர்நாயகன் என்று எப்படிச் சொல்வது? மூலக்கதையின் முதுகெலும்பை உருவி எதிரியிடம் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எத்தனை கோடி செலவழித்தாலும் படம் நிமிர்ந்து நிற்காது.

இரண்டாவது பிழை, பசியின் கடிகாரம். தொடக்கத்தில் நீல ரத்தம் குடித்தால் சுமார் ஆறு மணி நேரம் தாங்குகிறது, போகப் போக அந்த நேரம் குறைகிறது என்று படமே சொல்கிறது. அருமையான விதி. நேரம் தீரத் தீர நாயகன் என்ன செய்வான் என்று நாம் பதற வேண்டும். ஆனால் நேரம் தீர்ந்துபோன ஒரு கணத்தில், எதிரே ஒரு அப்பாவி நிற்க, அவன் தவிக்கும் காட்சி ஒன்றுகூட உருப்படியாக இல்லை. விதியைச் சொன்னார்கள், பயன்படுத்த மறந்துவிட்டார்கள்.

மூன்றாவது, சண்டை. மார்பியஸ் நகரும்போது உடம்பைச் சுற்றி வண்ணப் புகை இழுபடும், திடீரென்று எல்லாம் மெதுவாகும், மறுபடி வேகம் பிடிக்கும். சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு தடவை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுதிச் சண்டையில் இரண்டு பேருமே ஒரே மாதிரி முகம், ஒரே மாதிரி புகை, சுற்றிலும் இருட்டு, போதாததற்கு வௌவால் கூட்டம். யார் கை ஓங்கியிருக்கிறது என்று நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எதிரி மைலோவாக வரும் மேட் ஸ்மித் முழு மனதோடு நடித்திருக்கிறார். அதே நோய், அதே மருந்து, ஆனால் தன் புது உடம்பைக் கொண்டாடுகிறவன். சட்டையை மாட்டும்போதே ஆடுகிறான். வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலில் நடந்த ஒருவனுக்கு அந்த ஆட்டம் பொருந்துகிறது. இரவுப் பணியில் இருக்கும் தாதி தனியாக நடந்து போகும் மருத்துவமனைத் தாழ்வாரக் காட்சியும் நன்றாக அமைந்திருக்கிறது. நீண்ட தாழ்வாரம், அணையும் விளக்குகள், முன்னே ஒளி, பின்னே இருள். புகையும் இல்லை, வௌவாலும் இல்லை. இந்தக் குழுவுக்குத் திகில் எடுக்கத் தெரியாமல் இல்லை என்பதற்கு அந்த ஒன்றே சாட்சி.

வெளியீட்டுக் கதையும் பொறுமையைச் சோதித்த ஒன்று. 2020 ஜூலையில் வரவேண்டியது, பெருந்தொற்றால் பல முறை தள்ளிப்போய், அமெரிக்காவில் 2022 ஏப்ரல் 1 அன்று வந்தது. 2020 ஜனவரி முன்னோட்டத்தில் சுவரில் ஸ்பைடர்மேன் ஓவியமும் அதன்மேல் "கொலைகாரன்" என்ற எழுத்தும் இருந்தன. படத்தில் அது இல்லை. முதல் வார இறுதியில் அங்கே சுமார் 3.9 கோடி டாலர் வசூல், இரண்டாவது வார இறுதியில் 1 கோடியை ஒட்டி விழுந்தது. இணையத்தில் கேலிப் படங்கள் குவிந்ததைப் பார்த்து ஜூன் மாதம் சுமார் ஆயிரம் திரையரங்குகளில் மறுபடி திரையிட்டார்கள். அந்த வார இறுதியில் கிடைத்தது 3 லட்சம் டாலர் அளவுதான். கேலி செய்தவர்கள் சீட்டு வாங்கவில்லை. உலக அளவில் மொத்தம் சுமார் 16.7 கோடி டாலர். மோசமான படங்களுக்கான ராஸி விருதில் லெட்டோவுக்கும், மார்ட்டினாக வரும் அட்ரியா அர்ஹோனாவுக்கும் இடம் கிடைத்தது. அர்ஹோனாமீது அந்தப் பழி நியாயமில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்ததே அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. முடிவுப் பெயர்ப் பட்டியலில் இரண்டு துணுக்குகள் வருகின்றன. 2017 ஸ்பைடர்மேன் படத்தில் வல்சர் என்னும் வில்லனாக வந்த மைக்கேல் கீட்டன், வேறொரு உலகத்திலிருந்து இங்கே வந்து விழுகிறார். பிள்ளைகள் உடனே "இவர் யார், எப்படி வந்தார், அந்த இறக்கை எங்கே கிடைத்தது?" என்று கேட்பார்கள். விளக்க இரண்டு ஸ்பைடர்மேன் படம் போட்டாக வேண்டும். போட்டாலும் கணக்கு நேராகாது. அவரும் மார்பியஸும் சேர்வதாக அந்தத் துணுக்கு காட்டிய கூட்டணி பிறகு எந்தப் படத்திலும் வரவே இல்லை.

## ஒரே காட்சி, மூன்று படங்கள்

இந்த ஒப்பீட்டின் நடு இடம் இது. மார்பியஸ், பிளேட், டிராகுலா அன்டோல்ட் மூன்றிலும் இறுதிச் சண்டைக்குச் சற்று முன்பு ஒரே காட்சி வருகிறது: ஒரு பெண் தன் ரத்தத்தைக் குடிக்கும்படி நாயகனிடம் சொல்கிறாள்.

பிளேடில் அது கேரன். ரத்தவியல் மருத்துவர். எதிரி பிளேடின் உடம்பிலிருந்து ரத்தத்தை வடித்துவிட்டான், எழுந்து நிற்கவும் தெம்பில்லை. படம் முழுக்க மனித ரத்தத்தைத் தொடாமல், ஊசி மருந்தால் பசியை அடக்கி வந்தவன் அவன். கேரன் கழுத்தை நீட்டுகிறாள். அவன் குடிக்கிறான், கேமரா விலகவில்லை. நிறுத்த முடியாமல் திணறுவது தெரிகிறது. அவள் இறந்துவிடுவாளோ என்று நமக்கே பயம் வருகிறது. அதற்குப் பிறகு அவன் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் அந்த ரத்தம் இருக்கிறது. கடைசியில் நோயைக் குணமாக்கும் மருந்து கொடுக்கவும் அவள் முன்வருகிறாள். வேண்டாம், வேலை முடியவில்லை என்கிறான்.

டிராகுலா அன்டோல்ட்டில் அது மனைவி மிரேனா. மகனைக் காக்கக் காட்டேரியான இளவரசன் விளாடுக்கு மூன்று நாள் தவணை. அதற்குள் மனித ரத்தம் குடிக்காவிட்டால் பழையபடி மனிதனாகிவிடலாம். மூன்றாம் நாள் விடியப் போகிறது. மடத்துச் சுவரிலிருந்து விழுந்து சாகக் கிடக்கும் மனைவி, மகனைக் காப்பாற்ற என் ரத்தத்தைக் குடி என்கிறாள். இன்னும் சில நிமிடம் பொறுத்தால் அவன் மனிதன். குடித்தால் என்றென்றைக்கும் காட்டேரி. விலை இரட்டிப்பு: மனைவியும் போகிறாள், மனிதத் தன்மையும் போகிறது.

மார்பியஸில் மார்ட்டினும் அதையே சொல்கிறாள். சாகும் தறுவாயில்தான் சொல்கிறாள். ஆனால் அவன் குடித்த கையோடு படம் சண்டைக்குத் தாவிவிடுகிறது. துக்கப்படவும் நேரமில்லை. சண்டை முடிந்ததும் அவள் கண் திறக்கிறாள், சிவந்த கண். போன உயிர் திரும்பிவிட்டது, கொடுத்த விலையும் திரும்பிவிட்டது. எதிரியோடு தானும் சாகத்தான் அவன் விஷமருந்து தயாரித்தான். அந்தப் பேச்சும் காற்றோடு போகிறது.

குறிப்பிட வேண்டிய செய்தி: டிராகுலா அன்டோல்ட், மார்பியஸ் இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர்கள் அதே இருவர், மேட் சசாமாவும் பர்க் ஷார்ப்லெஸும். எட்டு ஆண்டுக்கு முன்பு சரியாக எழுதிய காட்சியை இங்கே பிழையாக எழுதியிருக்கிறார்கள். ஒருவேளை அடுத்த படத்துக்கு மார்ட்டின் தேவைப்பட்டிருக்கலாம். தொடர் எடுக்கும் ஆசை ஒரு படத்தின் கழுத்தை நெரிப்பது இப்படித்தான்.

## பிளேட்: பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு

பிளேடும் மார்வெல் பாத்திரம்தான். 1973இல் டூம் ஆஃப் டிராகுலா 10ஆம் இதழில் மார்வ் வுல்ஃப்மனும் ஜீன் கோலனும் உருவாக்கியது. 1998இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்தபோது கறுப்பின நாயகனை நடுவில் நிறுத்தி, மார்வெல் பெயரில் வெற்றி பெறலாம் என்று காட்டியது இந்தப் படம். 4.5 கோடி டாலரில் எடுத்து 13 கோடிக்கு மேல் வசூலித்தது. எக்ஸ்மென் படமே இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

இங்கே விதிகள் முதல் கால் மணி நேரத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. வெள்ளி, பூண்டு, சூரிய ஒளி. பிளேடுக்கு வெயில் ஒன்றும் செய்யாது, பசி மட்டும் உண்டு. அவன் கூட்டாளி விஸ்லர் காய்ச்சிக் கொடுக்கும் ஊசி மருந்துக்கு உடம்பு பழகிக்கொண்டே வருகிறது. மார்பியஸின் நீல ரத்தத்துக்கு அண்ணன் இது. ஆனால் இங்கே அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கேரன் காட்சியில் வந்து அடிக்கிறது.

ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு விஷயத்தை ரசிப்பார்கள். கேரன் கண்டுபிடிக்கும் ஆயுதம் ஈடிடிஏ. ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்களே, அந்தக் குழாயில் இருப்பது அதுதான். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையாமல் தடுக்கும். படத்தில் அது காட்டேரி ரத்தத்தைக் கொதிக்கவைத்து வெடிக்கச் செய்கிறது. அறிவியல் பொய், ஆனால் நிஜமான பொருளில் தொடங்குகிற பொய். அதனால் நம்ப முடிகிறது.

குறைகள்: இறுதிச் சண்டையில் எதிரி ரத்தக் குழம்பாகி மறுபடி உருவெடுக்கும் கணினிக் காட்சி இன்றைக்குப் பழசாகத் தெரியும். கெட்ட வார்த்தை அதிகம். தொடக்கக் காட்சி இறைச்சிக் கிடங்குக்குப் பின்னால் நடக்கும் இரவு ஆட்டக் கூடம், கூரைக் குழாயிலிருந்து ரத்த மழை. சினிமா தெரிந்தவர்கள் இன்றும் பேசும் தொடக்கம் அது. ஆனால் புரட்டாசி விரதம் இருக்கும் வீட்டில், ஆயா (பாட்டி) பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போடும் காட்சி இல்லை.

மார்பியஸ் ரசிகர்களுக்கு ஒரு புதையலும் உண்டு. பிளேடின் நீக்கப்பட்ட முடிவில், கட்டட உச்சியில் தூரத்தில் ஓர் உருவம் நிற்கும். அது மார்பியஸ். வேடத்தில் நின்றவர் இயக்குநர் நாரிங்டனே. டிவிடி கூடுதல்களில் அது இருக்கிறது.

## பிளேட் 2: நால்வரில் சிறந்தது, எல்லோருக்கும் ஆகாது

முதல் பாகம் பார்த்தவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. ப்ராகில் எடுத்தது. கியர்மோ டெல் டோரோவுக்குக் காட்டேரி என்றால் உடலியல். தாடை நடுவில் பிளந்து திறக்கும் ரீப்பர் என்னும் புதுவகைக் காட்டேரிகள், அவற்றை அறுத்துப் பார்த்து இதயம் எலும்புக் கூண்டுக்குள் எப்படி மூடப்பட்டிருக்கிறது என்று விளக்கும் காட்சி எல்லாம் அந்த அக்கறையில் வந்தவை. சண்டை அமைப்பில் ஹாங்காங் சண்டை நடிகர் டானி யென் கைவைத்திருக்கிறார், நடிக்கவும் செய்கிறார்.

எதிரி நோமாக், தகப்பன் செய்த சோதனையால் கெட்டுப்போன மகன். ஓயாத பசி, தீராத கோபம், இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. லூக் காஸ் அவனை அழவும் வைக்கிறார், அஞ்சவும் வைக்கிறார். மார்பியஸ் ஆக ஆசைப்பட்ட பாத்திரம் உண்மையில் நோமாக்தான்.

வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் வாளோடு நடக்கும் சண்டையில் ஆட்களுக்குப் பதில் கணினி உருவங்கள் புகும் கணம் நன்றாகத் தெரியும், ரப்பர் பொம்மை போல வளையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அறுவைக் காட்சிகளைப் பொறுக்காதவர்கள் இருந்தால் இதைப் போடாதீர்கள், பாதியில் எழுந்து போவார்கள்.

மூன்றாவது பாகமான பிளேட் டிரினிட்டி 2004இல் வந்தது. அதை விட்டுவிடலாம்.

## டிராகுலா அன்டோல்ட்: பதின்மூன்று வயதும் ஆயாவும் ஒரே சோபாவில்

சித்திரக்கதையிலிருந்து வந்ததல்ல, ஆனால் அதே இலக்கணத்தில் எடுத்த படம். 92 நிமிடம். லூக் எவன்ஸ் நல்ல தகப்பனாகவும் நல்ல கணவனாகவும் இருக்கும் இளவரசன். சுல்தான் ஆயிரம் சிறுவர்களைக் கேட்கிறான், விளாடின் மகனையும் சேர்த்து. மறுக்கப் படை இல்லை. குகையில் இருக்கும் கிழக் காட்டேரியிடம் போகிறான். சார்லஸ் டான்ஸ் அந்தக் குகையில் பேசும் பேச்சு ஒன்றே வாடகைக் காசுக்குச் சரி. பிள்ளைக்காக எதையும் கொடுக்கும் தகப்பன் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கம் வேண்டாத கதை. ஆங்கிலம் முழுக்கப் புரியாவிட்டாலும் பின்தொடரலாம்.

எச்சரிக்கை ஒன்று. துருக்கியர் அத்தனை பேரும் ஒரே நிறத்தில் கெட்டவர்கள். விளாட் என்ற சரித்திர மனிதர் கழுவேற்றிய ஆயிரக்கணக்கானவர்களை ஒரு குற்ற உணர்ச்சி வசனத்தில் கடந்துவிடுகிறது. முஸ்லிம் நண்பர்களோடு பார்க்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. பிள்ளைகளுக்கும் இது சரித்திரம் அல்ல என்று சொல்ல வேண்டும்.

## சித்திரக்கதை: பாத்திரத்தின்மீதே ஆசை என்றால்

படத்தைவிட மார்பியஸ் என்ற ஆள்தான் பிடித்திருக்கிறான் என்பவர்கள் 104 நிமிடத்தைப் புத்தகத்தில் செலவிடுங்கள். அமேசிங் ஸ்பைடர்மேன் 101, 102 இரண்டும் போதும் தொடங்க. அமெரிக்கச் சித்திரக்கதைத் தணிக்கை விதி 1971இல் தளர்ந்து காட்டேரிக்கு அனுமதி கிடைத்த உடனே வந்தவன் இவன். செத்து எழுந்த பேய் இல்லை, அறிவியல் பெற்ற காட்டேரி. அதே நேரத்தில் ஸ்பைடர்மேனுக்கு ஆறு கை முளைத்திருக்கும், தனி வேடிக்கை அது. பிடித்துப்போனால் 1974இல் அட்வென்ச்சர் இன்டு ஃபியர் 20ஆம் இதழிலிருந்து அவன் தனி நாயகன். 1992இல் தொடங்கிய தனித் தொடர் 32 இதழ் ஓடியது.

செலவு: அச்சுத் தொகுப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் கட்டணமும் 15 விழுக்காடு வாட் வரியும் சேரும், புத்தக விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மாதச் சந்தாவில் படிக்கலாம். டாலரில் கழிக்கும் சந்தாவானால் ராண்ட் சரியும் மாதத்தில் கூடுதலாகப் போகும். ஒரே மாதம் சேர்ந்து, வேண்டியதைப் படித்துவிட்டு நிறுத்துவது லாபம்.

## பணம், டேட்டா, டிஸ்க்: தவறு நடக்கும் இடங்கள்

வாடகைக்கு எடுப்பதற்கு முன் ஆடியோ பட்டியலைப் பாருங்கள். இந்தியாவில் தமிழ் டப்பிங் இருக்கும் படத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கணக்கில் ஆங்கிலம் மட்டுமே இருப்பது சாதாரணம். பணம் கட்டிய பிறகு தேடிப் பயனில்லை. பெரும்பாலான வாடகைகளில் தொடங்க 30 நாள், தொடங்கியபின் முடிக்க 48 மணி நேரம். சனி இரவு பாதியில் நிறுத்தினால் திங்கள் இரவுக்குள் முடித்துவிட வேண்டும்.

டேட்டா மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைத்தால் மார்பியஸுக்குத்தான் அடி பலமாக விழும். புகையும் தூசியும் இருட்டும் நிறைந்த காட்சியைச் சுருக்குவது கடினம். குறைந்த தரத்தில் கறுப்பு நிறம் கட்டங்கட்டமாக உடையும், ஏற்கெனவே புரியாத சண்டை இன்னும் புரியாது. இரவு டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பின் நல்ல தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு மறுநாள் பாருங்கள். டிவியில் மின்சிக்கன வெளிச்ச அமைப்பை அணைத்துவிடுங்கள். இருட்டுக் காட்சியில் அது திரையை இன்னும் மங்கலாக்கும்.

மின்வெட்டுக்குப் பயந்தால் கணக்கு இது: 80 வாட் டிவி, 12 வாட் ரவுட்டர், இரண்டு மணி நேரம் என்றால் சுமார் 185 வாட்-அவர். 300 வாட்-அவர் பேட்டரிப் பெட்டி ஒரு படத்துக்குத் தாராளம்.

டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு: தென்னாப்பிரிக்கா டிவிடியில் மண்டலம் 2, ப்ளூரேயில் மண்டலம் பி. இங்கிலாந்தும் அதேதான். லண்டனிலிருந்து மாமா கொண்டுவருவது ஓடும். இந்தியா டிவிடியில் மண்டலம் 5, ப்ளூரேயில் சி. சென்னையில் வாங்கியது மண்டலப் பூட்டோடு இருந்தால் இங்குள்ள பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் டிவிடி உறையில் பிளேட் 115 நிமிடம் என்று இருந்தால் வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்குள்ள பால் (PAL) என்னும் டிவி முறையில் படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடுகிறது, அந்த வித்தியாசம்தான்.

வயதுச் சான்றுக்கு அமெரிக்க எழுத்தை நம்பாமல் இங்குள்ள திரைப்பட மற்றும் வெளியீடுகள் வாரியத்தின் (FPB) அடையாளத்தைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் வி இருந்தால் வன்முறை, ஹெச் திகில், எல் கெட்ட வார்த்தை. ஆயா இருக்கும் வீட்டில் எண்ணைவிட அந்த எழுத்துகள்தான் முக்கியம்.

## எந்த வீட்டுக்கு எது

பெரியவர்கள் மட்டும், காட்டேரிப் படம் புதிது என்றால் பிளேட். அதைப் பார்த்தவர்கள் என்றால் யோசிக்காமல் பிளேட் 2. குடும்பமாக, பதின்மூன்று தாண்டிய பிள்ளைகளோடு என்றால் டிராகுலா அன்டோல்ட். பத்து வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் நான்கில் எதுவும் வேண்டாம்.

மார்பியஸுக்கும் பொருத்தமான வீடு உண்டு. ஏற்கெனவே கட்டிய சந்தாவில் கூடுதல் காசில்லாமல் கிடைக்கிறது, பதின்மூன்று வயதுப் பிள்ளை மார்வெல் படம்தான் வேண்டும் என்கிறான், ரத்தம் அதிகம் தெறிக்கக்கூடாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்றால் அது போதும். பிஜி-13க்குள் அடங்கவேண்டி ரத்தத்தைக் குறைத்திருப்பது அந்த ஓர் இரவுக்கு உங்களுக்கு உதவும். திரைக்கதை எழுதப் பழகுகிறவர்களும் பார்க்கலாம், டிராகுலா அன்டோல்ட்டை அடுத்த நாளே போட்டு, ரத்தம் கொடுக்கும் காட்சி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

தனியாக வாடகை கட்டி எடுக்க வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் கப்பல் காட்சியையும் தாதி நடக்கும் தாழ்வாரத்தையும் மேட் ஸ்மித் வரும் இடங்களையும் கவனித்துப் பாருங்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுங்கள்.